ஃபேஷன் பேக்கில் ஒரு தையல் மெஷின் வையுங்கள்

கம்ப்யூட்டரில் குடும்பம் நடத்தும் வாழ்க்கை விளையாட்டுகளை உருவாக்கும் ஸ்டுடியோக்களுக்கும், அவற்றோடு சேர்ந்து பேக் (விளையாட்டில் கூடுதலாகச் சேர்க்கும் துணிமணி, பொருள், வேலைகளின் தொகுப்பு) வெளியிடும் ஆடை நிறுவனங்களுக்கும்,

சென்ற வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. யார் என்று சொல்லப் போவதில்லை. யார் அனுப்பினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் ஆடை பிராண்டோடு சேர்ந்து புதிய பேக் வந்தால் வாங்குவீர்களா? எவ்வளவு கொடுப்பீர்கள்? அதில் உங்கள் கதாபாத்திரம் என்ன வேலை பார்க்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குக் கீழே வரிசையாகக் கட்டங்கள்: மாடல், ஃபோட்டோகிராஃபர், டிசைனர், ஸ்டைலிஸ்ட், இன்ஃப்ளூயன்சர், கடை முதலாளி.

தைக்கிறவர் இல்லை.

‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருந்தது, 100 எழுத்துக்குள் எழுதச் சொல்லி. தமிழில் தட்டினேன். உங்கள் கட்டம் ‘தை’ என்பதை இரண்டு எழுத்தாக எண்ணுகிறது. அம்மாவைப் பற்றி ஆரம்பிப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

நான் திருப்பூர்க்காரி. இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையில் பாதிக்கு மேல் எங்கள் ஊரிலிருந்துதான் போகிறது. உங்கள் அலுவலகத்தில் யாராவது இன்று போட்டிருக்கும் டீசர்ட் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதாக இருக்கலாம். என் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடம் செக்கிங்கில் இருந்தார். எந்தக் கம்பெனி, எந்த பிராண்டுக்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். செக்கிங் என்றால், தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் விரித்து, ஊசி வெட்டு இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது. குறை கண்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, பீஸைத் திருப்பி அனுப்ப வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வரும்போது அம்மாவின் முந்தானையில் எப்படியும் இரண்டு மூன்று அம்புகள் ஒட்டியிருக்கும். நாங்கள் அதை எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்வோம்.

2009-ல் மாமா தன் டிடிபி கடையில் ஓய்வு பெற்ற ஒரு கம்ப்யூட்டரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். அதில் ‘தி சிம்ஸ் 2’ என்ற வாழ்க்கை விளையாட்டு இருந்தது. கூடவே எச் அண்ட் எம் என்ற ஆடை நிறுவனத்தின் பேக்கும். (அது காசு கொடுத்து வாங்கியதல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குப் போன பிறகு அந்தக் கணக்கை வட்டியோடு தீர்த்துவிட்டேன்.) 2007 ஜூனில் வந்த பேக் அது. சும்மா துணி மட்டும் இல்லை. ஸ்டாண்டு, பொம்மை, கவுண்டர் என்று கடைச் சாமானும் இருக்கும், ஓர் எச் அண்ட் எம் கடையையே கட்டலாம். நிஜத்தில் இந்தியாவில் அவர்கள் முதல் கடையைத் திறந்தது 2015-ல், டெல்லியில். அதற்கு ஆறு வருடம் முன்பே திருப்பூரில் ஒரு கிளை இருந்தது, எங்கள் வீட்டு ஹாலில், 15 இன்ச் மானிட்டருக்குள்.

ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த அம்மா பின்னால் நின்று பார்த்தார். கடையில் கூட்டம். ஆட்கள் துணியைப் பார்க்கிறார்கள், காசு கொடுக்கிறார்கள், பணம் ஏறுகிறது. ரொம்பப் பெருமையோடு திரும்பினேன்.

“ஏஞ்சாமி, இத்தனை துணி தொங்குதே, ஆரு தெச்சது?” என்றார்.

யாரும் தைக்கவில்லை, தானாகவே வரும் என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. குனிந்து பக்கத்தில் வந்து, ஒரு பெண் போட்டிருந்த பனியனின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். “பாட்டத்துல தையலே இல்ல பாரு. கழுத்து ரிப்பும் ஒக்காரல.” முந்தானையிலிருந்து ஓர் அம்பை எடுத்து மானிட்டரில் ஒட்டினார், அந்தப் பனியன் விளிம்பைக் காட்டி. கையலம்பப் போய்விட்டார்.

அந்தப் பாத்திரத்தின் தலைக்கு மேல் பச்சை வைரம் சுற்றிக்கொண்டிருந்தது, இடுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு. அந்த ஸ்டிக்கரை நான் ரொம்ப நாள் எடுக்கவில்லை. 2007-ன் தொழில்நுட்பத்தில் தையல் கோட்டை அவ்வளவு நுணுக்கமாக வரைய முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் முதல் கேள்விக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருடம் கழித்து உங்களிடம் கேட்கிறேன்.

உங்களால் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. முடிந்திருக்கிறது. எச் அண்ட் எம் பேக் வந்த எட்டே மாதத்தில், 2008 பிப்ரவரியில், அதே சிம்ஸ் 2-க்கு ‘ஃப்ரீடைம்’ வந்தது. பொழுதுபோக்குகளுக்கான பேக். அதில் தையல் மெஷின் இருந்தது! உட்கார்ந்து தைக்கலாம், தைத்துத் தைத்துக் கை பழகினால் பேட்ஜ் கிடைக்கும். அதை நான் வீட்டில் ஓட்டிக் காட்டியபோது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அந்த விளையாட்டின் எதற்கும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. “நூல் கோக்காம தெய்க்கறா” என்று குறை சொன்னார்தான். ஆனாலும் பார்த்தார். அந்தப் பெண் அடுத்து என்ன தைப்பாள் என்று அடுத்த நாளும் கேட்டார்.

ஒரே விளையாட்டில் ஒரு பக்கம் பிராண்டு கடை, இன்னொரு பக்கம் தையல் மெஷின். இரண்டையும் ஒரு வாசல் வைத்து இணைத்திருந்தால் போதும். அந்த வாசலை நீங்கள் வைக்கவில்லை. தையலை ‘ஹாபி’ பக்கமும் துணியை ‘ஃபேஷன்’ பக்கமும் பிரித்து வைத்தீர்கள். அதற்கப்புறம் ஃபேஷன் பக்கம் வளர்ந்துகொண்டே போனது. சிம்ஸ் 3-க்கு 2012-ல் டீசல் என்ற ஆடை பிராண்டின் பேக் வந்தது. சிம்ஸ் 4-க்கு 2019 ஆகஸ்டில் மொஸ்கினோ என்ற பிராண்டின் பேக் வந்தது.

மொஸ்கினோ பேக்கை நான் சொந்தக் காசில் வாங்கினேன். அப்போது அமெரிக்க விலை 9.99 டாலர். கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம் (யோசித்தால் நானும் செக்கிங்தான்). நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த பேக்கில் ஒரு நல்ல யோசனை இருந்தது: ஃபேஷன் ஃபோட்டோகிராஃபர் வேலை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் திரை விரித்து, மாடலை நிற்க வைத்துப் படம் எடுக்கலாம். வெறும் துணிமணியோடு நிற்காமல், அந்தத் துணியைச் சுற்றி ஒரு தொழில் இருக்கிறது என்று காட்டினீர்கள். அதனால்தான் கோபமும் கூடுதலாக வருகிறது. தொழிலைக் காட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள், கேமராவுக்கு முன்னும் பின்னும் இருக்கிறவர்களோடு நிறுத்திக்கொண்டீர்கள். கேமராவுக்கு முன் நிற்கிற துணி எங்கிருந்து வந்தது? கண்ணாடி முன்னால் போய் நின்று ஒரு சொடுக்கு, மேலே வந்துவிட்டது.

2021 அக்டோபரில் சிம்ஸ் 4-க்கு ‘ஃபேஷன் ஸ்ட்ரீட்’ என்று ஒரு கிட், அதாவது பேக்கைவிடச் சின்னத் தொகுப்பு, வந்தது. மும்பையின் தெருக்கடை உடைகளை வைத்துச் செய்தது. நம் ஊர் முகங்களும் நிறங்களும் அந்த விளம்பரத்தில் இருந்தபோது எனக்கும் மனசு குளிர்ந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மும்பையில் நிஜமான ஃபேஷன் ஸ்ட்ரீட் என்பது ஆசாத் மைதானத்துக்கு எதிரே வரிசையாக நிற்கும் கடைகள். அங்கே தொங்குவதில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும், கழித்துக் கட்டப்பட்ட சரக்கும் உண்டு. எங்கள் ஊர் காதர்பேட்டைத் துணிச் சந்தையிலும் அதே கதைதான். அம்மா ஒட்டிய அம்பு எத்தனையோ துணிகளை இந்த மாதிரிக் கடைகளுக்கு அனுப்பியிருக்கும். அந்தக் கிட்டில் தெரு கிடையாது, கடை கிடையாது, பேரம் கிடையாது. உடைகள் மட்டும்தான். பெயரில் மட்டும் தெரு இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் விளையாட்டில் ஒரு சட்டைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வண்ணக் கட்டங்கள் இருக்கும். தொட்டால் மாறும். எங்கள் ஊரில் அந்த வண்ணங்கள் நொய்யல் ஆற்றில் ஓடின. சாயக்கழிவு கலந்த ஆற்றால் விவசாயம் கெட்டது என்று விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது ஊரே ஸ்தம்பித்தது. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு ஷிப்ட் கிடைத்தால் அதிகம். இதையெல்லாம் விளையாட்டில் வையுங்கள் என்று கேட்கவில்லை. அந்த வண்ணக் கட்டங்களைத் தொடும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதுதான் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கு நீங்கள் சொல்லப் போகும் பதில் எனக்குத் தெரியும். ‘மக்கள் விளையாட வருகிறார்கள், ஃபேக்டரியில் வேலை பார்க்க வரவில்லை. தையல் போரடிக்கும்.’

போரடிப்பதைப் பற்றி நீங்களா பேசுவது? அடைத்துக்கொண்ட டாய்லெட்டை என் கதாபாத்திரம் குத்திக் குத்தி எடுப்பதை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவ வைத்திருக்கிறீர்கள், தரை துடைக்க வைத்திருக்கிறீர்கள், குப்பை கொட்ட வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வெளியே பார்த்தால், லாரி ஓட்டுவதை மட்டுமே வைத்து ஒரு விளையாட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கைக் கழுவுவதை மட்டுமே வைத்து இன்னொரு விளையாட்டு, இரண்டும் சக்கைப்போடு போடுகின்றன. கை வேலை போரடிக்காது. ஒழுங்காகக் காட்டாவிட்டால்தான் போரடிக்கும்.

ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வெட்டுவார். தோள் இணைப்பு ஒருவர், கழுத்து ரிப் ஒருவர், கை ஒருவர், இரண்டு பக்கமும் ஓவர்லாக் ஒருவர், பாட்டம் மடித்து பிளாட்லாக் ஒருவர். பக்கத்தில் கைமடிக்கு ஓர் ஆள் நின்று பீஸை எடுத்து அடுக்கிக் கொடுப்பார். லேபிள் வைப்பது தனி. பிறகு பிசிர் வெட்டி, செக்கிங், அயர்ன், பேக்கிங். கழுத்துக்காரர் டீ குடிக்கப் போனால் கைக்காரரிடம் பீஸ் தீர்ந்துவிடும். ஒருத்தரின் ஊசி உடைந்தால் அந்த ஊசியின் துண்டு முழுக்கக் கிடைக்கும்வரை தேட வேண்டும், துணிக்குள் போய்விடக் கூடாது. பண்டிகைக்கு முன்னால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் ஓடும். யாருக்குப் பீஸ் ரேட், யாருக்கு ஷிப்ட் கூலி என்பதில் சண்டை வரும், காதலும் வரும். பசி, தூக்கம், சிநேகம், பொழுதுபோக்கு என்று தேவைகளைக் கோடு போட்டு அளக்கும் விளையாட்டு உங்களுடையது. அந்தக் கோடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

இன்னொரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘அனிமல் கிராஸிங்’கில் ஒரு தையல் கடை இருக்கிறது. மூன்று முள்ளெலிச் சகோதரிகள். இளையவள் மேபல் வாசலில் நின்று வாங்க வாங்க என்று வியாபாரம் பார்ப்பாள். நடுவில் உள்ளவள் ஊரை விட்டுப் போய் ஃபேஷன் டிசைனர் ஆனவள். அவள் பெயரே லேபல். மூத்தவள் சேபல் மட்டும் மூலையில் மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டே இருப்பாள். போய்ப் பேசினால் முதலில் சரியாகப் பதில்கூட வராது. தினமும் போய் இரண்டு வார்த்தை பேசினால், நாளாக நாளாகத் தங்கள் குடும்பக் கதையை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் எந்த விளையாட்டிலும் இவ்வளவு விடாமல் ஒருத்தியைத் தேடிப் போய்ப் பேசியதில்லை. அம்மாவும் அப்படித்தான், வேலை முடிந்து வந்த உடனே பேசமாட்டார். அதே விளையாட்டுக்கு 2020 மே மாதம் வாலண்டினோ, மார்க் ஜேக்கப்ஸ் என்ற ஃபேஷன் பிராண்டுகள் தங்கள் உடைகளின் வடிவங்களைக் கொடுத்தன. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

விலையைப் பற்றி நான் எதிர்பார்ப்பதும் அதுதான். பிராண்டின் பெயரைத் தாங்கிய துணி விளம்பரம். விளம்பரத்தைப் பார்ப்பவரிடமே கட்டணம் வாங்குவது எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லை. ஜவுளிக்கடைக்காரர் பை கொடுத்தால் அதில் கடை பெயர் இருக்கும், ஆனால் பைக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதுபோக, பிராண்டு பேக் நிலையாக நிற்பதும் இல்லை. சிம்ஸ் 2-ன் தொகுப்பு 2025 ஜனவரியில் மறுபடி விற்பனைக்கு வந்தபோது, ஐக்கியா என்ற வீட்டுச் சாமான் நிறுவனத்தின் பேக் மட்டும் இல்லை.  உரிமம்தான் காரணமாக இருக்கும். வாங்குகிறவரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

ஆடை நிறுவனத்தாருக்குத் தனியாக ஒன்று. தைக்கிறவர்களின் பெயரைச் சொல்வது உங்களுக்குப் புதிதல்ல. எச் அண்ட் எம் 2013-லேயே தனக்குத் துணி தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட ஆரம்பித்தது. 2022-ல் அதே நிறுவனம் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அங்குள்ள ஆலைகளில் பெண் தொழிலாளர்கள் மீது நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க, பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கத்தோடும் ஆலை நிர்வாகத்தோடும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எத்தனை பெரிய துயரத்துக்குப் பிறகு அந்தக் காகிதம் வந்தது என்பது உங்களுக்கும் தெரியும். நிஜத்தில் காகிதத்தில் ஏறியவர்கள் விளையாட்டில் மட்டும் ஏன் மறைய வேண்டும்?

சரி, நான் கேட்பவை இவை.

அடுத்து ஆடை பிராண்டு பெயரில் எந்த பேக் வந்தாலும் அதில் ஓடுகிற ஒரு தையல் மெஷின் இருக்க வேண்டும். ஓரமாக வைக்கும் அலங்காரப் பொருளாக அல்ல, உட்கார்ந்து தைத்து, தைத்த துணியைப் போட்டுக்கொள்ளவோ விற்கவோ கூடியதாக. தையல்காரர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் என்று தொழில்கள் இருக்க வேண்டும். அதில் முன்னேற வழியும் இருக்க வேண்டும். தையல்காரரின் முன்னேற்றம் என்பது கடைசியில் மாடலாவது என்று வைத்துவிடாதீர்கள், சிறந்த தையல்காரர் ஆவதுதான் முன்னேற்றம். அந்தத் தொழிலை வடிவமைக்கும்போது, தைத்துப் பிழைத்த நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள், கேட்டதற்குக் கூலி கொடுங்கள். டிசைனரைக் கேட்கிறீர்கள், இன்ஃப்ளூயன்சரைக் கேட்கிறீர்கள், இவர்களையும் கேட்கலாம்.

பேக்கின் நன்றிப் பட்டியலில், அந்த உடைகளின் நிஜ வடிவங்கள் தைக்கப்படும் ஊர்களின் பெயர்களைப் போடுங்கள். பிராண்டிடம் பட்டியல் இருக்கிறது, வாங்கிப் போட வேண்டியதுதான். பிராண்டு துணிகளை இலவசமாகக் கொடுங்கள், விளையாட்டின் புதிய வேலைகளுக்கும் பொருள்களுக்கும் மட்டும் விலை வையுங்கள். உரிமம் எப்போது முடிகிறது, முடிந்தால் நான் வாங்கியது என் கையில் இருக்குமா என்பதை வாங்கும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கருத்துக்கணிப்பு இந்த மாதக் கடைசிவரை திறந்திருக்கும் என்று போட்டிருக்கிறது. அதற்குள் வேலைகளின் வரிசையில் ஒரு கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள்: ‘தையல்காரர்’. நான் என் பதிலை இன்னும் அனுப்பவில்லை. காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு செக்கிங்கம்மாவின் மகள்